மகளை வரச் சொல்லணும்

எனக்குச் சிங்களம் வந்த கதையைச் சாட்சியாகச் சொன்னால் எங்கள் சபையில் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குத்தான் அதைச் சொல்லப் பிடிக்காது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டுப் பிள்ளையாக இருந்த என்னைப் பன்னிரண்டு வயதில் கண்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு விட்டார்கள். அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. சொன்னது விளங்காவிட்டால் அடி விழும். விளங்கியும் மெதுவாகச் செய்தால் திட்டு. வாங்கிய திட்டிலேயே பாதி மொழியைப் படித்துவிட்டேன். இதைக் கேட்ட எங்கள் பாஸ்டர், "ஆண்டவர் உங்களை அப்பவே ஆயத்தப்படுத்தியிருக்கிறாரு சகோதரி, இது ஒரு வரம்" என்றார். ஆண்டவருக்கு வேறு பள்ளிக்கூடமே கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. சபைக்குள் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டில் நடந்த இன்னொன்றை நான் சாட்சியில் சொல்வதில்லை. ஒருமுறை அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது, வீட்டுக்கார அம்மாவான நோனாவுக்குத் தமிழ் தெரியாது. முக்குக் கடை முதலாளியைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். தமிழ் பேசும் முஸ்லிம் அவர். என்னைக் கண்டால் ஒரு தோடம்பழ இனிப்பு கொடுக்காமல் விடமாட்டார். நோனா சொன்னாள்: "இந்தப் பிள்ளை தினமும் அழுகிறது, சாப்பிடுவதும் இல்லை. வேண்டுமென்றால் கூட்டிக்கொண்டு போகட்டும்." முதலாளி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் வந்து களைத்துப்போன முகம். "பிள்ள நல்லா இருக்காம், வேலயெல்லாம் பழகிருச்சாம்" என்றார். அதற்குள் எனக்கு இரண்டு மொழியும் விளங்க ஆரம்பித்திருந்தது. வாயைத் திறந்தால் அதையும் அவரே நோனாவிடம் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் பேசாமல் நின்றேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். நான் இன்னும் பல வருடம் அந்த வீட்டிலேயே கிடந்து, பிறகுதான் தோட்டத்துக்குத் திரும்பினேன். அவர் கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லப் போனால் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எங்கள் சபைக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்களப் பிரசங்கியார் ஒருவர் வருவார். அவருக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் ஊழியம். அவர் மூச்சு விடுவதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். சனங்கள் அல்லேலூயா என்பார்கள். கூட்டம் முடிந்ததும் கையைப் பிடித்து, "என்ன வரம்!" என்பார்கள். கிழமை நாட்களில் அதே வாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன். தோட்டத்தில் யாருக்காவது கிளினிக் நாள் என்றால் என்னைக் கூட வரச் சொல்வார்கள். அன்றைக்கு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாது, பேர் விழாது, அன்றைய சம்பளமும் கிடைக்காது. அங்கே வரம் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

போன வருடம் எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில், அடுத்த அறையில் இருந்த அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. நானும் அவளும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்போம். அவள் சாமி கும்பிடுகிறவள், நான் சபைக்குப் போகிறவள். மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் எனக்குப் பொங்கல் தருவாள், கிறிஸ்மஸுக்கு நான் அவளுக்குக் கேக் கொடுப்பேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வலியைப் பிளேன்டீயிலும் ஓமத்தண்ணியிலும் அடக்கிப் பார்த்து, முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்கிற நாளில் மகன் கூட வருவதாகச் சொன்னான். ஆட்டோ ஓட்டுகிறவன், சிங்களம் தண்ணியாகப் பேசுவான். அப்படியிருந்தும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் வைத்தே காரணத்தையும் சொல்லிவிட்டாள்.

"அவன் என் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்லிருவான். நீ சொல்ல மாட்ட. அதான்."

டாக்டர் சின்ன வயசுப் பையன். நல்ல பிள்ளை, முகத்தில் தூக்கமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவைத் தாண்டி, பின்னால் நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். அவளுக்கு விளங்காது என்ற தைரியத்தில் ஒளிக்காமல் பேசினார். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி ஆப்பரேஷன் செய்வதில் பயனில்லை, வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில், "பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்" என்றும் சொன்னார். பிறகு குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, வலி இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அக்காவும் பதிலுக்குச் சிரித்தாள்.

மகன் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்லம்மா, வயித்துல புண்ணாம். மருந்து குடிச்சா ஆறிருமாம்."

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னாரு?"

மகன் பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான். எங்கள் சனங்களின் வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. நோயாளிக்கு நோயின் பேரைச் சொல்ல மாட்டோம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், லயத்துக்கே தெரியும், சாகப் போகிறவளுக்கு மட்டும் தெரியாது. அவளும் தெரியாதவளைப் போலவே செத்துப் போவாள். அதற்கு அன்பு என்று பேர். இயேசுவே, இந்த வாயை எதற்குக் கொடுத்தாய் என்றுதான் கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புண்ணு இல்லக்கா," என்றேன். "ஈரலுக்குப் போயிருச்சாம். ஆப்பரேசன் செஞ்சு பிரயோசனம் இல்லயாம். வலிக்கு மருந்து குடுப்பாங்களாம், வீட்டுல வச்சுப் பாக்கட்டுமாம். பாக்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லட்டுமாம், தள்ளிப்போட வேணாமாம்."

அவள் அழவில்லை. மடியில் இருந்த கிளினிக் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். "அப்ப எம் மவள வரச் சொல்லணும்" என்றாள்.

வெளியே வந்ததும் மகன் என்னைத் தூணோரம் நிறுத்தினான். "ஒங்கள யாரு சித்தி சொல்லச் சொன்னது?"

"ஒங்க அம்மா."

"தங்கச்சி பாதியில வந்தா ஏஜென்சிக்காரன் விடுவானா? கட்டுற வீடு கூரையில்லாம நிக்கிது. அதுக்குத்தான் அவ அங்க கெடந்து கஷ்டப்படுறா. வந்து என்ன செய்யப் போறா? ஒக்காந்து அழத்தானே போறா?"

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சத்தியம் வேற, ஞானம் வேற, சகோதரி. வரத்த அன்போட பாவிக்கணும்" என்றார். மேடையில் நான் ஒரு சொல்லை விட்டுவிட்டாலும் முன்வரிசையிலிருந்து முறைக்கிறவர் இவர். அப்புறம், "அந்தச் சமயத்துல ஆண்டவரப் பத்தி ரெண்டு வார்த்த சொன்னீங்களா?" என்றும் கேட்டார். "டாக்டர் அதச் சொல்லலையே ஐயா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். குவைத்தில் மகளின் மேடம் வெள்ளிக்கிழமை மட்டும் போனைக் கையில் கொடுப்பாள். அக்காவால் அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. மகன்தான் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வருவான். முதல் வெள்ளிக்கிழமை, "சொல்லிட்டேம்மா, மேடத்துக்கிட்ட கேக்குறேன்னா" என்றான். அடுத்ததற்கு, "லீவு குடுக்குறாங்களாம்" என்றான். அதற்கடுத்து, "டிக்கட் போட்டாச்சாம்" என்று வந்து சொன்னான். அக்காவின் முகம் தெளிந்தது. கட்டிலை வாசல் பக்கத்து இஸ்தோப்புத் திண்ணைக்கு மாற்றச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் பஸ் நிற்கிற இடமும் அங்கிருந்து லயத்துக்கு இறங்குகிற படிகளும் தெரியும். குளிர் அடிக்கும் என்று சொன்னோம், கேட்கவில்லை. சாக்கைக் கட்டி மறைத்து, அவளை அங்கேயே படுக்க வைத்தோம்.

மலையிலிருந்து வந்து மேலைக் கழுவியதும் நான் அவளிடம் போய் உட்காருவேன். வயிறு வீங்கிவிட்டது. கஞ்சித் தண்ணி உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். மகனைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. தாயின் அசிங்கத் துணியை வேறு யாரையும் தொட விடாமல் தானே தண்ணி விழுகிற பீலியில் அலசினான். பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் அக்கா கழுத்தைத் தூக்குவாள். இறங்குகிறவர்கள் கீழே வந்து சேரும்வரை பார்த்துவிட்டுத் தலையைச் சாய்ப்பாள். ஒருநாள், "நீ கும்புடுற சாமிக்கிட்ட கேளேன், பிளேன் எப்ப வரும்னு" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். நான் கேலியாக எடுக்கவில்லை. முழங்காலில் நின்று கேட்டேன். சபையில் ஒரு கூட்டத்துக்குக்கூட நான் அப்படி ஜெபித்ததில்லை. அவள் மகளை மட்டும் கொண்டு வந்துவிடு, வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டேன்.

ஒரு மழை நாள் மத்தியானம், நாங்கள் மலையில் இருக்கும்போது, அவள் போய்விட்டாள்.

வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை பிணத்தை வைத்திருப்பது வழக்கம். "மகளுக்கு வைக்கலயா?" என்று லயமே கேட்டது. "டிக்கட் மாத்த முடியலயாம், எடுக்கச் சொல்லிட்டா" என்றான் மகன். அடுத்த நாளே தப்பு அடித்துக் கொண்டு போய்ப் புதைத்தார்கள். அப்போது யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பீலிக்கரையில் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள், இவள் சொல்லி அவளை வாசலைப் பார்த்துச் சாக வைத்துவிட்டாள் என்றார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் சொன்னது பொய்யென்றால் எனக்குச் சண்டை போடத் தெரியும். அடுத்த முறை பிரசங்கியார் வந்தபோது தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி மேடையில் ஏறாமல் இருந்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. வரம் கொடுத்தவர்மேல் கோபம்.

இந்த வருடம் ஒப்பந்தம் முடிந்து மகள் வந்தாள். வந்த மறுநாள் என் காம்பிராவுக்கு வந்து, கதவை ஒட்டினாற்போல் தரையில் உட்கார்ந்தாள். தாயின் நெற்றி, தாயின் கை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு அண்ணன் சொன்னிச்சு சித்தி. நெஞ்சு வலியாம். அதுக்கு மொத நாளு வரைக்கும் கொழுந்தெடுக்கப் போனாங்களாம். நல்லாத்தானே இருந்தாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மேட்டில் ஏறித் தங்கையிடம் என்ன பேசினானோ, தெரியாது. இதைச் சொல்லவில்லை. டிக்கட் இல்லை, லீவு இல்லை, ஒன்றுமே இல்லை. இங்கே ஒருத்தி கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் செத்தாள். அங்கே ஒருத்தி ஒன்றும் தெரியாமல் யாரோ வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நல்லாத்தான் இருந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பிள்ளை எழுந்து போய்ப் புதுக் கூரைக்குக் கீழே அண்ணனோடு இருந்துகொள்வாள். பாஸ்டர் சொன்ன ஞானம் அதுதான். அந்த ஞானத்தால் என் அம்மா என்னை விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

"இல்ல மவளே," என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, அண்ணன் சொன்னது, நான் சொன்னது. அவன் துணி அலசியதையும் சொன்னேன், விடவில்லை.

அவள் அசையாமல் கேட்டாள். கடைசியில், "அம்மா என்னயப் பத்தி என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க சித்தி" என்றாள்.

நான் சொன்னேன். "எம் மவ இந்த பஸ்ஸுல வந்துட்டாளா பாரு. வந்துட்டாளா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண் என்மேல் இருந்ததே தவிர, பார்த்தது என்னை இல்லை.

"வந்துட்டேம்மா," என்றாள்.

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சொல்லத்தான் இந்த வாய். அவள் தாய்க்குச் சொன்னதை மட்டும் நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.