அவிட்டத்தில் இடித்த சுவர்

வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர் தொழிலில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். லோகநாயகி அக்காவைப் போல ஒரு ஆளை இன்னும் பார்க்கவில்லை. கடலூரில் சத்துணவு மையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் சிதம்பரம் வந்துவிடுவார். ரயிலடிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறப்பார், கழுவுவார். போன வாரம் கழுவியதையே மறுபடி கழுவுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்துபோய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். கூட இருக்கிற நமக்கே படபடவென்று வரும்.

2008 தை மாதம் அது. கடலூரில் குடியிருந்த வாடகை வீட்டைச் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்தச் சிதம்பரம் வீட்டை விற்றால்தான் அங்கே சின்னதாக ஒன்று வாங்க முடியும்.

"ஏங்க்கா, சொந்த வீட்டப் பூட்டி வச்சுட்டு எதுக்கு அலையுறீங்க? இங்கயே வந்துடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த வீட்டுல ஒரு ராத்திரிகூட என்னால படுக்க முடியாது. நீ ஆளப் பாரு" என்றார்.

நல்ல வீடுதான். கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். வில்லங்கமெல்லாம் உள்ளறையின் மேற்குச் சுவரில் இருந்தது. அவர் வீட்டுக்காரர் உத்திராபதி மூன்று வருஷத்துக்கு முன்பு நாலு மாதம் படுக்கையில் கிடந்து அந்த அறையில்தான் இறந்தார். காலை ஆறு மணி, அவிட்ட நட்சத்திரம். எங்கள் பக்கம் அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். உடலை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை இடித்து வழி பண்ணி எடுப்பார்கள். அப்புறம் ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அக்கா திரும்பி வரவில்லை.

இடித்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு ஆள் போகும் அகலத்துக்கு அது தனியாகத் தெரிந்தது. அக்கா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சுவர் முழுக்க அடித்தார். இப்போது மற்ற மூன்று சுவரும் அழுக்காகத் தெரிந்தன. அதற்கும் அடித்தார். மாசி முழுக்க இதே கூத்து. வந்து பார்த்த நாலு பேரும் அந்தச் சுவரைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்கள்.

ஐந்தாவதாக மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கலியமூர்த்தி வந்தார், ரிட்டயர்டு கண்டக்டர். கூடவே அவர் சம்சாரம் தைலம்மாள். கிணற்றைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. உள்ளறைக்கு வந்ததும் அந்த அம்மா சுவரைத் தடவிப் பார்த்தது.

"இது அடைப்பு எடுத்த சொவரா?"

"பழைய ஜன்னல்ம்மா. அடைச்சுட்டாங்க" என்று நான் கூசாமல் சொன்னேன்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "ஜன்னல் இல்லம்மா. இந்த வழியாத்தான் எங்க வீட்டுக்காரர எடுத்தாங்க. ஆனா அது அடைப்பே இல்ல."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவுரு ஆறு மணிக்குப் போவல. ஆறு மணிக்கு நாந்தான் எழுந்திரிச்சேன். தொட்டா ஒடம்பு வெறைச்சுக் கெடக்குது. ராத்திரியே எப்பவோ போயிட்டாரு. நாலு மணி வரைக்கும் திருவோணம். திருவோணத்துக்கு அடைப்பு கெடையாது. பக்கத்துல படுத்துக்கிட்டே தூங்கிட்டேன்னு சொல்ல வாய் வரல. இப்பத்தான் போச்சுன்னுட்டேன். அத வச்சுத்தான் அவுரு தம்பி காலண்டரப் பாத்து அவிட்டம்னு சொன்னாரு. என் கண்ணு முன்னாலயே சொவர இடிச்சாங்க. அப்பவும் நான் வாயத் தொறக்கல."

கலியமூர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "விக்கணும்னா எதுனா சொல்லித்தான ஆவணும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அக்கா நல்லாத்தான் யோசிச்சிருக்கு என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அக்காவின் கையிலிருந்த துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கலியமூர்த்திக்கு நேராக வந்து நின்றார்.

"வீட்ட வாங்க வேணாம் சார், போங்க. நாலு மாசம் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன், அன்னிக்கு ஒரு நாள் தூங்கிட்டேன். அத மட்டுமாவது நம்புங்க."