முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

'மாணிக்கம் அண்ணன் காலமானார்' என்று தேஹு ரோடு தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் பார்த்ததும் நான் நம்பவில்லை. விசாரிக்காமல் எதையும் நம்பாதே என்று எங்களையெல்லாம் பழக்கியவரே அவர்தானே? புனே நகரில் வானவடியில் இருக்கும் அவர் மகள் கவிதாவை அழைத்தேன். "உண்மைதான் ஆன்ட்டி. காலையில டீ குடிச்சிட்டுச் சாஞ்சவர், எழுந்திருக்கவே இல்ல" என்றாள்.

ராணுவத் தளவாடக் கிடங்கில் அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவள் நான். தொழிற்சங்கத்துக்காரர். நிர்வாகம் புதிதாக மின்விசிறி மாட்டினால்கூட, "இத்தினி நாள் இல்லாத பாசம் இப்ப இன்னாத்துக்கு?" என்பார். புனேயில் இத்தனை காலம் இருந்தும் அந்த வேலூர்ப் பேச்சு மாறவில்லை. "கேள்வி கேட்டா மரியாதை ஒண்ணும் கொறைஞ்சிடாது, சரோஜா" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார்.

போன ஆண்டு ஒரு மருத்துவமனையிலிருந்து இளம் டாக்டரம்மா ஒருவர் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தார். வயதானவர்கள் கையில் ஒரு பட்டையும் நெஞ்சில் ஒட்டும் ஒரு பேட்சும் இரவு பகலாக அணிய வேண்டும். இதயத் துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் விடாமல் பதிவாகும். உடல் தளர்வதை, விழுந்து எலும்பு முறிவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அண்ணன் மட்டும் எழுந்து இந்தியில், "பெஹ்லே கிஸ்கோ பதாவோகே?" என்றார். முதலில் யாரிடம் சொல்வீர்கள்? "உங்களிடம்தான்" என்று டாக்டரம்மா சொன்ன பிறகே கையை நீட்டினார்.

அப்போதும் சந்தேகம் தீரவில்லை. "இது வாட்சா, சிஐடியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சங்கத் தலைவரைப் பற்றி ஏதாவது சொல்ல நேர்ந்தால் சட்டைக் கையை இழுத்துப் பட்டையை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். அது பேச்சைக் கேட்காது என்று நான் எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

ஒருநாள் முகம் சிவக்க என் வீட்டுக்கு வந்தார். கவிதா போனில் கேட்டிருக்கிறாள்: "வாக்கிங் போயிட்டு வந்தேன்னு சொன்னீங்களேப்பா, இந்த வாரம் வீட்டைவிட்டே நகரலையே?" அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றே இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அண்ணனிடம் இருந்தது பழைய போன். அதனால் பதிவு செய்யும்போது யாரோ மகளின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். எச்சரிக்கைகள் எல்லாம் அவளுக்கே போயிருந்தன. "என் நெஞ்சு என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஊருக்கே சொல்லுதா?" என்று தமிழிலேயே கத்தினார். தமிழ் தெரியாத டாக்டரம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது கவிதா ஸ்கூட்டரில் வந்தாள். தான் கண்காணித்ததை அவள் மறைக்கவில்லை. "சந்தேகம் உங்களுக்கு மட்டும்தானாப்பா? நல்லா இருக்கேன்னு நீங்க சொல்றப்பல்லாம் எனக்கும் சந்தேகம்தான்" என்றாள். அண்ணன் சட்டைக் கையை இழுத்துப் பட்டையை மூடிக்கொண்டார். பிறகு, "ஸ்டேஷன் படி ஏறினா மூச்சு வாங்குதும்மா. சொன்னா உன் வீட்டுக்கு இஸ்துனு போயிடுவே. அந்த ஒம்போதாம் மாடில நான் யாராண்ட பேசுவேன்?" என்றார். அவர் கண்கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கவிதா அவர் காலடியில் உட்கார்ந்து, "என் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். பொய் மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

அதன்பின் மூச்சுக்கு மருந்து கிடைத்தது; நாற்காலியில் கையூன்றாமல் எழும் பயிற்சியும் தொடங்கியது. அவர் விடாமல் சண்டை போட்டதால், எங்கள் எல்லோருடைய எச்சரிக்கைகளும் எங்கள் போன்களுக்கே, பழைய போன்களுக்குக் குறுஞ்செய்தியாக, வர ஆரம்பித்தன. வேறு யாருக்குக் காட்டலாம் என்பதையும் நாங்களே முடிவு செய்தோம். அண்ணன் கவிதாவின் எண்ணைத் தானே சேர்த்தார்.

எரியூட்டிவிட்டுத் திரும்பும் வழியில் ஒருவர், "மெஷின் காப்பாத்தலையே" என்றார். இன்னொருவர், "அது இருந்ததாலதான் இவ்வளவு நாள்" என்றார். இரண்டையும் நான் நம்பவில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஒரு காரணத்தை ஒட்டவைப்பது அவருக்குப் பிடிக்காது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து என் மகன் கூப்பிட்டு, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்கிறான். இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உண்மையைச் சொல்கிறேன். நேற்று, "பயமா இருக்குடா" என்றேன்.