தானாக விழும் கொக்கி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என் மாமனாரிடம் ஒரு பொய் சொன்னேன். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய் என்று எழுத ஆசைதான். நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் பொய் அதுதான்.

எல்லாம் அந்தக் கோழிக்கூண்டால் வந்தது.

கூண்டு வாங்கியதைப் பற்றி இரண்டு வாரம் முன்பு எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கணபதி ஏரியாவிலுள்ள ஒரு பட்டறையில் ரெடிமேட் கூண்டு சொல்லிவைத்தேன். எட்டடி நீளம், உள்ளே ஆள் நிற்கலாம். கம்பி வலை அடித்த நான்கு சட்டங்கள், ஒரு கூரைத் தகடு, ஒரு பை நிறைய போல்ட் நட்டு – எல்லாம் டெம்போவில் வந்து, தொண்டாமுத்தூரை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் இறங்கின. ஸ்பேனரை எடுத்து நானே பூட்டினேன்.

பூட்டினால் முடிந்ததா? ரெடிமேட் என்பதெல்லாம் பேருக்குத்தான். தகட்டுக் கூரை வெயிலில் கொதித்தது. மேலே தென்னங்கீற்று போட்டேன். துரு பிடிக்கக் கூடாது என்று சட்டம், வலை, போல்ட் நட்டு எதையும் விடாமல் பச்சை பெயிண்ட் அடித்தேன். முட்டையிடக் கூடைகள், தரையில் உமி, ராத்தங்க மூங்கில் கம்பு...

கதவுக்குத்தான் என் மூளையை முழுசாகச் செலவு செய்தேன். பட்டறைக்காரர் கொடுத்தது வெறும் கட்டுக்கம்பி. கோழிகள் இடுக்கில் தலையை விட்டு நெம்பிக்கொண்டு வெளியே போய்விடும். ஒரு ஸ்பிரிங்கும் வெளிப்பக்கம் ஒரு கொக்கியும் வாங்கிப் பொருத்தினேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கொக்கி தானாக விழும். பத்துத் தடவை திறந்து மூடி ரசித்தேன்.

மாமா வந்து கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே இருக்கிறவன் எப்படித் திறப்பான் என்று மட்டும் கேட்டார். கோழி எதற்கு மாமா திறக்கப்போகிறது என்றேன். கொக்கியை இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் ஒரு ஃபிட்டர் இருக்கும்போது மருமகள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்பேனர் பிடித்தால்? என் பக்கத்திலும் நியாயம் உண்டு. அப்போதுதான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணும் மங்கல். கறுப்புக் கண்ணாடிக்குள் உலகமே அவருக்கு நிழலாட்டம்தான். அவரைச் சிரமப்படுத்துவானேன் என்று நினைத்தேன். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சமையலறையில் இருந்தேன். மற்றவை மேயப் போயிருக்க, கூண்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி திடீரென்று அலறியது. அடுப்பை அணைத்துவிட்டு நான் பின்வாசலுக்கு வருவதற்குள் மாமா கூண்டுக்குள் நுழைந்திருந்தார். கோழி அவர் தோளை உரசிக்கொண்டு வெளியே பறந்தது. பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. கொக்கி டக்கென்று விழுந்தது.

“அம்மணி... கதவு சாத்திக்கிச்சு. ஓடியாராம மெதுவா வா.”

மெதுவாகத்தான் போனேன். மனசுக்குள் சிரிப்புகூட வந்தது. கொக்கியில் கை வைக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

கதவை ஒட்டியிருந்த தீவனத் தட்டுக்குப் பின்னால், படம் எடுத்து நின்றது ஒரு நல்ல பாம்பு. அதற்கும் மாமாவின் இடது காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

வாசல்படியோரம் தரை கொஞ்சம் பள்ளம். சட்டத்துக்கும் தரைக்கும் இடையே மூன்று விரல் சந்து. ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். தீவனத்துக்கு எலி வந்திருக்கிறது; எலிக்கு இது வந்திருக்கிறது.

கதவைத் திறக்க முடியாது. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தள்ளினால் பாம்பை நேராக மாமாவின் காலடிக்குத் தள்ளுவேன். பக்கத்துத் தோட்டத்தைக் கூப்பிடலாம். ஆனால் நான் கத்தினால் மாமா பதறுவாரே? பாம்பு இருக்கிறது என்று சொன்னால்... பார்வை தெரியாத மனிதர், பதற்றத்தில் காலை எந்தப் பக்கம் எடுத்து வைப்பார்?

அப்போதுதான் அந்தப் பொய்.

“மாமா, கதவுக்கு மறுக்கா பெயிண்ட் அடிச்சிருக்கேனுங்க. ஈரம். மேலெல்லாம் ஒட்டிக்கும். நின்ன எடத்துலயே நில்லுங்க, பின்பக்கச் சட்டத்தைக் கழட்டி உடறேன்.”

எந்த மருமகளாவது இதைவிட மட்டமான பொய் சொல்லியிருப்பாளா? ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். மாமா கேட்கவில்லை. சரி என்றார்.

டூல்ஸ் பெட்டி பின்வாசலில்தான் இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூண்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வலைக்கு அந்தப்புறம் மாமாவின் முதுகு. அவர் கால்களுக்கு நடுவே, கதவோரம், அந்தப் படம்.

நான்கு நட்டு. முதலாவது கழன்றது. இரண்டாவதும் கழன்றது. ஒவ்வொரு திருகலுக்கும் சட்டம் லேசாக அதிர்ந்தது. அதிர்கிறபோதெல்லாம் பாம்பு தலையை இந்தப் பக்கம் திருப்பியது. நான் நிறுத்துவேன். அது அடங்கும். மறுபடி திருகுவேன்.

மூன்றாவது நட்டு அசையவில்லை. நான் அடித்த பெயிண்ட் அதைச் சுற்றிக் கெட்டியாக உறைந்திருந்தது. மூச்சைப் பிடித்து இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி சட்டத்தில் மோதித் தோல் உரிந்தது. கூண்டு முழுக்க அதிர்ந்தது. பாம்பு படத்தைத் தாழ்த்தி உமிமேல் நகர்ந்தது. மாமாவின் செருப்பை நோக்கி.

ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத மனிதர் அவர். காலைச் சொறிவார், வேட்டியை மடிப்பார், செருப்பால் தரையைத் தேய்ப்பார். அன்றைக்கு மட்டும் நட்டுவைத்த கல்லாக நின்றார். பாம்பு செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

“எத்தன பாக்கி அம்மணி?”

“ரெண்டுங்க மாமா. ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. வர மாட்டேங்குது.”

“இழுக்காத. மொதல்ல ஒரு இணுக்கு டைட் பண்ணு. பெயிண்ட் உட்டுப்போகும். அப்பறம் கழட்டு.” உதடு மட்டும் அசைகிற மாதிரி அவ்வளவு சன்னமாகச் சொன்னார். “அவசரமே இல்ல.”

இறுக்கினேன். பெயிண்ட் மெல்ல நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு கழற்றினேன்... வந்துவிட்டது. நான்காவதையும் அதே மாதிரி. சட்டத்தைத் தூக்கி மண்ணில் சாய்த்துவிட்டு, பின்னாலிருந்து அவர் முழங்கையைப் பிடித்தேன்.

“அப்படியே பின்னால வாங்க மாமா. காலை ஒசத்தி வைங்க.”

ஒரு அடி. இன்னொரு அடி. வெளியே வந்துவிட்டார். இருபது தப்படி கூட்டிப்போய்த் துவைக்கிற கல்லில் உட்காரவைத்தேன். பிடிமானத்துக்குத் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அது போயிருச்சா, இன்னும் அங்கயேதான் இருக்குதா?”

“எதுங்க மாமா?”

“பாம்புதான்.”

தென்னையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“கதவு சாத்துனதுமே ரெண்டு தடவ சீறுச்சு கண்ணு. பார்வதான் மங்கலு, காது நல்லாத்தான கேக்குது. பாம்புன்னு நாஞ் சொல்லியிருந்தா உன்ற கை நடுங்கிப்போகும். நடுங்குற கையில ஸ்பேனர் நிக்குமா?”

நான் திரும்பிப் பார்த்தேன். பாம்பு வந்த சந்து வழியாகவே வெளியேறி, வேலியோரக் கற்குவியலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சொன்னேன். போகட்டும் என்றார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணாடிக்குள் இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். ஆபரேஷன் செய்த கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று என் முந்தானையால் துடைத்தேன். அவர் தடுக்கவில்லை.

அவர் பயந்துவிடக் கூடாதென்று நான் சொல்லவில்லை. நான் பயந்துவிடக் கூடாதென்று அவர் சொல்லவில்லை. ஒரே பாம்புக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு நின்றிருக்கிறோம். நிறைய வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பாம்பு மட்டும்தான் வீட்டுக்கு வீடு வேறு.

அன்று மத்தியானமே மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் அந்த இடுக்கைச் சிமென்ட் வைத்து அடைத்தேன், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினேன், உள்ளிருந்தும் தூக்குகிற மாதிரி கொக்கியில் ஒரு கம்பி கோத்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை. கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

சாயந்திரம் வேலையிலிருந்து வந்த என் கணவர், என் விரலில் சுற்றியிருந்த துணியையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“ஒண்ணுமில்லப்பா. கூண்டுல கொஞ்சம் வேல பாக்கி இருந்துச்சு. நானும் அம்மணியுமாச் சேர்ந்து முடிச்சுப்போட்டோம்.”