ஐந்து மணிக்கு வந்த பிரதமர்

போன சனிக்கிழமை ஒஸ்லோவின் குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில், கடைக்காரத் தம்பி வாழைப்பழப் பெட்டி ஒன்றைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார். பச்சை வாழைக்காய் வாசமும் ஈர மட்டைப்பெட்டியின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. முருங்கைக்காயை வளைத்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சமைத்தால் பாதிக்கு மேல் முற்றல். இவர், என் கணவர், சப்பித் துப்பிக்கொண்டே, "என்னப்பா, விறகே வாங்கிக்கொண்டு வந்தனீர்?" என்று கேட்டார். என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் அந்த நேரம் கடையிலேயே இல்லை. பல வருடங்களுக்கு முன், வாழைப்பழப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்த பிரதமர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பிரதமர் வீடு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். அரண்மனைக்குப் பின்னால் பிரதமர்கள் குடியிருக்கும் வீடு ஒன்று இருக்கிறது. அதன் குசினியில் எனக்குச் சில வருடங்கள் வேலை. உருளைக்கிழங்கு தோல் சீவுவது, பாத்திரம் கழுவுவது, மேசை வைப்பது. ஆனால் கோயில் திருவிழாவில் எங்கள் சனம் என்னைக் காட்டி, "இவ பிரதமரோடை வேலை செய்யிறவ" என்று அறிமுகப்படுத்தும். யாருடைய தம்பிக்கோ விசா இழுபடுகிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்று சிலர் காதோடு கேட்பார்கள். நானும் முகத்தைக் கொஞ்சம் கனமாக வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கும் நாட்டின் நிர்வாகத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு, காலையில் அவர் பாணை வெட்டிப் போட்டுவிட்டுப் போகும் தூளைத் துடைப்பதுதான்.

ஆம், தன் மதியச் சாப்பாட்டை அவரேதான் கட்டிக்கொண்டு போவார். நாலு துண்டுப் பாண், அதன்மேல் பழுப்புநிறச் சீஸ், ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் எண்ணெய்த்தாள். இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையும் அதைத்தான் சாப்பிடும், பிரதமரும் அதைத்தான் சாப்பிடுவார். வந்த புதிதில் எனக்கு அது பெரிய மனத்துயரமாக இருந்தது. நாட்டை ஆளுகிற மனிதன் காய்ந்த பாண் தின்கிறாரே என்று வீட்டில் இவரிடம் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறேன்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது அடுத்த தொல்லை. மற்ற எல்லாரும் முதற்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழும்பவில்லை. எனவே அவரை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். எனக்குத் தீராத நெஞ்சுச்சளி என்றுதான் அவர் நினைத்திருப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "எங்கடை ஆள்". இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் பேச்செல்லாம் நோர்வே மொழியில்தான். அவர்கள் சொன்னது என் மனதில் எங்கள் தமிழில்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். எங்கடை ஆள் யாழ்ப்பாணத்தில் படித்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவருக்கு ஒரே மகள், சில்யே. தாயும் தகப்பனும் பிரிந்த பிறகு தாய் பேர்கனுக்குப் போய்விட்டா. பிள்ளை பள்ளிக்கூடத்துக்காக ஒஸ்லோவில் தகப்பனோடு தங்கிவிட்டது. தகப்பனோடு என்று சொல்வது பேச்சுக்குத்தான். இங்கே இராச்சாப்பாடு ஐந்து மணிக்கு. நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு இரவுக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் இவர்கள் சாப்பிட்டுக் கைகழுவி விடுவார்கள். அந்த ஐந்து மணிக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. சாப்பாட்டறை மேசையில் தனியே இருக்கப் பிடிக்காமல், சில்யே குசினி ஜன்னலோரம் ஏறி இருந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். முதல் வருடம், "இண்டைக்கு வருவாரோ?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் வளர்ந்ததையே நான் அந்த ஜன்னலை வைத்துத்தான் அறிந்தேன். முதலில் கால் தொங்கியது, பிறகு நிலத்தில் முட்டியது.

தேர்தல் வந்தது. எங்கடை ஆள் தோற்றார்.

அடுத்த நாள் விடிய நான் செய்த காரியத்தை இன்றைக்கும் என் கணவர் நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லிச் சிரிப்பார். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயல்சனம்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல, கையே செய்யும். எழும்பினேன், இடியப்பம் அவித்தேன், சொதி வைத்தேன், உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தேன். எல்லாவற்றையும் துணியால் சுற்றிக்கட்டிக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் ரொம்மனில் சுரங்க ரயில் ஏறினேன். பாதி வழியில்தான் புத்தி வந்தது. நான் போவது ஒரு சமையற்காரியும் நிறைந்த அலுமாரிகளும் உள்ள குசினிக்கு. அங்கே யாரும் செத்துப்போகவும் இல்லை. வாசல் காவலர் மூடியைத் திறந்து பார்த்தார். என் மதியச் சாப்பாடு என்றேன். அவர் பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கடை ஆள் கசங்கிய சட்டையோடு குசினியில் நின்றார். பாண் மேசையில் இருந்தது, வெட்டவில்லை.

"என்ன அது?"

"சாப்பாடு. உங்களுக்குத்தான்."

"ஏன்?"

எனக்கு நோர்வே மொழியில் நல்ல பொய்கள் தெரியாது. "எங்கடை ஆக்கள் செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோறவை" என்று சொல்லிவிட்டேன். சமையற்காரி கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டா.

 அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "அப்ப நான் செத்திட்டன்" என்றார். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் குத்தி எடுக்கப் பார்த்தார், வரவில்லை, கையால் பிய்த்தார். சொதி தாடையில் வழிந்தது. "எத்தினையோ பேர் பூ அனுப்பியிருக்கினம்," என்றார். "ஒருத்தரும் சாப்பிட்டனீரோ எண்டு கேக்கேல்லை." முழுவதையும் தின்று முடித்தார்.

இந்த நாட்டில் தோற்றவுடன் மூட்டையைக் கட்டமாட்டார்கள். புதிய அரசு அமையும் வரைக்கும் பழையவர்தான் பிரதமர். அந்த இடைப்பட்ட வாரங்களைப் போல ஒரு காலத்தை நான் பார்த்ததில்லை. முதலில் தொலைபேசி ஓய்ந்தது. அவருக்குப் பின்னால் எப்போதும் ஓடி வரும் இளம் ஆலோசகர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பிறகு ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு அவரே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சமையற்காரி பயந்து, "உடம்புக்கு ஏதுமோ?" என்று கேட்டா. "இல்லை, சாப்பிட வந்தனான்," என்றார். "சாப்பாட்டறையிலை இரண்டு பேருக்கு வையுங்கோ. சில்யேயும் நானும்."

வைத்தோம். சில்யே வரவில்லை. கைப்பந்துப் பயிற்சி என்று செய்தி அனுப்பியிருந்தாள். அடுத்த நாள் கடையில் வேலை என்றாள், அதற்கடுத்த நாள் கூட்டாளி வீடு. ஒவ்வொரு நாளும் இரண்டு தட்டு வைத்தேன், ஒவ்வொரு நாளும் ஒன்றை அப்படியே திருப்பி எடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார், உருளைக்கிழங்கு ஆறிப்போகும். "பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும்," என்று எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொல்வார். சாப்பிட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் குசினிக்கு வந்து எங்களுக்கு உதவி செய்யத் தொடங்கினார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கைகழுவும் சவர்க்காரத்தை ஊற்றி, குசினி முழுக்க நுரை. முழங்காலில் நின்று அவரும் நானும்தான் துடைத்தோம்.

வீட்டைக் காலி செய்ய அரசாங்கம் நல்ல மட்டைப்பெட்டிகள் கொடுத்தது. ஆனால் தன் சொந்தப் புத்தகங்களை வாழைப்பழப் பெட்டியில்தான் கட்டவேண்டும் என்று நின்றார். மாணவனாக இருந்த காலத்தில் அப்படித்தான் வீடு மாறுவாராம். நான் குறொன்லாண்ட் கடையில் கேட்டு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகித் தூக்கிக்கொண்டு வருவேன். கூடம் முழுக்க வாழைத்தோட்ட வாசம் வந்துவிட்டது.

சில்யேயை அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் ஒருநாள் மத்தியானம் பிடித்தேன். தகப்பன் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். இங்கே பெண்பிள்ளைகளுக்கும் உள்ள கட்டாய இராணுவச் சேவைக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. தகப்பன் பதவியை ஒப்படைக்கும் நாளுக்கு மறுநாள் விடிய, வடக்கே ரஷ்ய எல்லைப் பக்கம் போக வேண்டும்.

"நீங்கள் ஆருக்கு வாக்குப் போட்டனீங்கள்?" என்று திடீரென்று கேட்டாள்.

நான் இருமினேன்.

"நான் அப்பாக்குப் போடேல்லை."

 அவளுக்கு அதுதான் முதல் வாக்கு.

"கூட்டாளிமாருக்கு, அப்பா புது எண்ணெய்க் கிணறு தோண்ட விடுறதாலைதான் எண்டு சொன்னனான். அது பொய். வாக்குப் போடுற மறைப்புக்குள்ளை நிண்டு யோசிச்சனான். தோத்தா வீட்டை வருவார் எண்டு." பெட்டியின் விளிம்பை நகத்தால் கிழித்துக்கொண்டே சொன்னாள். "இப்ப ஒவ்வொரு நாளும் வாறார். எனக்கு அவரின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

"ஒரு வாக்காலை ஆரும் தோக்கிறேல்லைப் பிள்ளை."

"தெரியும். ஆனா அந்த ஒண்டு என்ரை."

 தகப்பன் அங்கே இரண்டு தட்டோடு காத்திருக்கிறார். மகள் ஊரெல்லாம் ஓடி ஒளிகிறாள். எல்லையில் போய்ப் பனிக்குள் நிற்கப் போகிற பிள்ளை, இந்தப் பாரத்தையும் தோளில் போட்டுக்கொண்டு போகப் போகிறது.  "ஒருக்கா வந்து இரும். கதைக்க வேண்டாம், சாப்பிட்டாலே காணும்," என்றேன். அவள் அடுத்த பெட்டியை இழுத்தாள். மிச்சம் இருந்தது இரண்டு மூன்று மாலைகள்தான். அவற்றுக்கும் அவள் வரவில்லை.

கடைசி நாள் அவர் காலையிலேயே அரண்மனைக்குப் போய் அரசரிடம் பதவி விலகுவதைச் சொல்லிவிட்டு, அலுவலகத்துக்குப் போனார். அங்கே புதிய பிரதமரிடம் கதவு திறக்கும் அட்டையைக் கொடுத்து, கைகுலுக்கி, பூங்கொத்து வாங்கினார். குசினியில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்தோம். கமராக்களுக்கு முன்னால் நன்றாகத்தான் சிரித்தார். வீட்டுக்கு வந்து கழுத்துப்பட்டியைக் கழற்றியவர், சாப்பாட்டறைக்குப் போய் இருந்துகொண்டார். நான் இரண்டு தட்டு வைத்தேன், எதிரெதிராக.

சில்யே வந்தாள். முதுகில் பை, தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். வந்து தகப்பனுக்கு முன்னால் இருந்தாள். நான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மேசையில் வைத்தபோது, "அப்பா, நான் ஒண்டு சொல்லவேணும்," என்றது காதில் விழுந்தது. வெளியே வந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஆனாலும் சொற்கள் கேட்கவில்லை. கடைசியில் கதிரை இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. தட்டெடுக்கப் போனபோது, எதிரெதிராகத் தட்டு வைத்த மேசையில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். உருளைக்கிழங்கை யாரும் தொடவில்லை. நான் எதையும் எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்திருந்த ஐந்து மணி அது ஒன்றுதான். விடிய அவள் போய்விட்டாள், அன்றைக்கே அவரும் பெட்டிகளோடு போய்விட்டார். புதியவர்கள் வந்து குசினியை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஜன்னலோரத்தில் ஏறி இருக்க இப்போது இடமில்லை, அங்கே ஒரு அலுமாரி நிற்கிறது. சமையற்காரி ஓய்வெடுத்துவிட்டா. எனக்கும் பிறகு ரொம்மனுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. கோயிலில் இப்போது யாரும் விசா விஷயமாக என் காதைக் கடிப்பதில்லை.

சென்ற பனிக்காலத்தில் எங்கடை ஆளைச் சுரங்க ரயிலில் கண்டேன். காவலர் இல்லை, ஒரு கையில் கம்பியும் மறுகையில் மீன் பொதியும் பிடித்துக்கொண்டு சனத்தோடு சனமாக நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். சில்யே எப்படி என்று கேட்டேன்.

சேவை முடிந்தும் அவள் வடக்கிலேயே தங்கிவிட்டாளாம். அங்கே ஒரு சின்ன ஊரில் நகரசபைக்குத் தெரிவாகியிருக்கிறாள். தகப்பனின் கட்சியில் அல்ல, மற்றக் கட்சியில். அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் மலர்ந்தது. ஐந்து மணிக்கு அவர் சமைத்துவிட்டுத் தொலைபேசி எடுப்பாராம். அவள் கூட்டத்தில் இருப்பாள். நத்தார் விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், அவசரக் கூட்டம் வந்துவிட்டது. "அடுத்த தேர்தலிலையும் நிக்கிறாள்," என்றார். "வெண்டிடுவாள். கெட்டிக்காரி."

"நீங்கள் அங்கை இருந்தா அவளுக்கு இன்னொரு வாக்குக் கிடைக்கும்," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. கதவுக்குப் போகுமுன் திரும்பினார்.

"எனக்கு அங்கை வாக்கிருந்தா," என்றார், "அவளுக்குப் போடமாட்டன்."

பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.