எந்த வருஷத்து முற்போக்கு?

கல்யாணத் தகவல் மையத்தில் வேலை பார்ப்பவள் ஊரார் ஜாதகத்தையெல்லாம் பொருத்திப் பார்ப்பாள், தன்னுடையதைத் தவிர. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியறை நாற்காலியை வருஷக்கணக்காகத் தேய்த்தவள் நான். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் தேடி அலைந்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். எங்களிடம் வருகிற எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எங்களுது முற்போக்கான குடும்பம்."

செம்பாக்கத்து அம்மாள்

எண்பத்து மூன்றில் செம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மூத்த மகனுக்குப் பெண் தேடி வந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். "நாங்க முற்போக்கும்மா, பொண்ணு காலேஜ் படிச்சிருந்தாலும் ஒத்துக்குவோம்" என்றார். வேலைக்குப் போகிற பெண் என்றதும் முகம் கறுத்தது. ரயிலேறிப் போகிறவள் எங்கள் வீட்டுக்கு ஆகாது என்று எழுந்துவிட்டார்.

தொண்ணூற்றைந்தில் கடைசி மகனுக்காக மறுபடி வந்தார். டிகிரி முடித்துவிட்டு வீட்டோடு இருக்கும் லட்சணமான பெண்ணின் படத்தை ஆசையாக எடுத்துக் காட்டினேன். தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "வேலைக்குப் போவாம வூட்ல குந்திகினு கீற பொண்ணா? எங்கள இன்னாம்மா கட்டுப்பெட்டின்னு நெனச்சிக்கினே?"

பழைய காலத்து அப்பா

பெருங்களத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பையன் அப்பாவோடு வந்தான். அப்பா அந்தக் காலத்திலேயே வேண்டுமென்று ஆடி மாதம் பார்த்து, அதிலும் ராகுகாலத்தில், புரோகிதர் இல்லாமல் தாலி கட்டியவர். மகனுக்கோ பத்துப் பொருத்தமும் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அப்பா பழைய காலத்து மனுஷர், ஜாதகத்தையெல்லாம் நம்பமாட்டார்."

பால்ராஜ்

கீழே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார் பால்ராஜ். பெண்களைப் படமெடுக்க அவரிடம்தான் அனுப்புவோம். ஒரு படத்தைக் கொடுக்க இரண்டு தடவை மாடியேறுவார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வேன். எண்பத்தைந்தில் வீட்டுக்கே வந்து என்னைப் பெண் கேட்டார்.

என் அப்பா, தெருவே வாயைப் பிளக்க என்னை வேலைக்கு அனுப்பியவர். அந்தத் தெம்பில்தான் நான் அடுக்களைக் கதவருகே நின்றிருந்தேன். அப்பா அவருக்குக் காபி கொடுத்து மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, முற்போக்குன்னா பொண்ண வேலைக்கு அனுப்பறது. வேற மதத்துல குடுக்கறது இல்ல." ஒரு வருஷத்தில் பால்ராஜ் கேளம்பாக்கத்துக்கு ஸ்டூடியோவை மாற்றினார், அவர் கல்யாணமும் அங்கேயே நடந்தது. எனக்கு வந்த வரன்களுக்கெல்லாம் நான் தலையாட்ட மறுத்துவிட்டேன். படிக்கட்டில் யார் ஏறினாலும் இன்னமும் காது அங்கேதான் போகிறது. அவர் வந்தால் போதும் என்றுகூட இல்லை, அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்றிருக்கிறது.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு மதத்துப் பையனோடு சர்ச்சில் கல்யாணம். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டு, பூரித்துப்போய்த் திரும்பினார். என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "நல்ல பையன்மா. நீயும் அப்பக் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்சிருக்கலாம். நான் முற்போக்குதானே?"

இப்போதெல்லாம் யாராவது முற்போக்கான குடும்பம் என்று ஆரம்பித்தால், எந்த வருஷத்து முற்போக்கு என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.