மூன்றாவது மூச்சு

பேய், ஆவி எதையும் நான் நம்புகிறவன் இல்லை. டாக்டருக்குப் படித்தவன், பிணத்தோடு தனியறையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே மூச்சு கொடுத்தால் பிழைப்பார்களா என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். எங்களிடம் இருந்தது ஒரு பழைய வேன், ஒரு ரப்பர் பை, அதோடு சேர்ந்த முகமூடி. முகமூடியை மூக்கையும் வாயையும் மூடுகிறமாதிரி வைத்துப் பையை அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள் போகும், அவ்வளவுதான். அடையாறில் வேனோடு காத்திருப்பது என் வேலை.

ஒரு மத்தியானம் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து தாஸ் என்கிற ரிக்‌ஷாக்காரர் ஓடிவந்தார்.

"சார், என் பொஞ்சாதிய பாம்பு கட்ச்சிச்சு சார்! கண்ணே தொறக்கல, பேச்சும் வரல!"

போய்ப் பார்த்தால், விறகுக் குவியலுக்குள் கைவிட்ட செல்லம்மா தரையில் கிடந்தாள். நல்ல பாம்பு. அந்த விஷம் உடம்பைக் கட்டிப்போட்டுவிடும். காது கேட்கும், நினைவு இருக்கும், ஆனால் இமையைக்கூடத் தூக்க முடியாது, கடைசியில் மூச்சும் நிற்கும். நான் மண்டிபோடும்போதே நின்றுவிட்டது. பையை அமுக்க ஆரம்பித்தேன். அப்படியே தூக்கி வேனில் ஏற்றினோம், ஏற்றுகிற அவசரத்தில் பை கதவில் எங்கேயோ சிக்கியது, இழுத்துக்கொண்டேன். தாஸ் முன்னால் டிரைவர் மாணிக்கத்தோடு உட்கார்ந்தார். பின்னால் நானும் அவளும்தான்.

லஸ் முனையில் வண்டி நின்றுவிட்டது.

"ஊர்வலம் போய்க்கினு கீது சார். இம்மாங்கூட்டம், நவுராது" என்றார் மாணிக்கம்.

"ஹாரனை விடாதீங்க, அடிச்சுக்கிட்டே இருங்க!" என்று கத்தினேன்.

தாஸ் இறங்கி ஓடி, கூட்டத்தில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து வழி கேட்டார். எனக்குக் கை மரத்துவிட்டது, பை தொளதொளவென்று கையில் மடங்கியது, ஆனாலும் அவள் நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது, உதடு நீலம் பாயவில்லை. ஏறுகிற வரைக்கும் சரி என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த வெயிலில், மூடிய வேனுக்குள், என் முழங்கையில் மட்டும் சில்லென்று ஏதோ பட்டுக்கொண்டிருந்தது.

ஒருவழியாகக் கூட்டம் வழிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் தொண்டையில் குழாய் போட்டு, விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் என் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா, இதை வச்சா கொண்டுவந்தே?"

பையின் அடிப்பக்கம் உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவர் அமுக்கிக் காட்டினார். காற்றெல்லாம் கிழிசல் வழியாகப் போனது, முகமூடிக்குள் கொஞ்சம்கூட வரவில்லை. நம்பினால் நம்புங்கள், நானே என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தக் கேஸ் ஆராய்ச்சியில வேண்டாம்" என்றார்.

சில நாள் கழித்து, செல்லம்மாவை வீட்டுக்கு அனுப்பும் முன் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டில எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன் சார். நீங்க மூச்சு வாங்குனது கேட்டுச்சு. அந்தப் பை புஸ்ஸு புஸ்ஸுன்னுச்சு. அப்பால இன்னொரு மூச்சு. அதுதான் என் மூக்காண்ட வந்துச்சு, சில்லுனு."

"மயக்கத்துல அப்படித்தாம்மா தோணும்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் போவலியே சார். நான் மூச்ச அடக்குனா அது மட்டும் தனியா கேக்குது."

அவள் பயத்தைப் போக்கத்தான் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தேன்.

"மூச்சை இழுத்துப் பிடிம்மா."

பிடித்தாள். வாயை இறுக மூடியிருந்தாள், நெஞ்சு அசையவில்லை. என் காதில் மூச்சு கேட்டது. அவசரமே இல்லாமல் உள்ளே போனது, வெளியே வந்தது.

"கேக்குதா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரைச் சோதித்துவிட்டேன். இன்றைக்கும் நோயாளியிடம் மூச்சை அடக்கச் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிடுகிறேன்.