லல்லா யாம்னா சொன்னால் ஆஃப்சைடு

“குருட்டுப் பய! விசிலை முழுங்கிட்டானா?” என்று நடுவரைத் திட்டிக்கொண்டே, கடித்த சூரியகாந்தி விதையின் தோலைக் கைக்குட்டைக்குள் துப்புகிறாள் லல்லா யாம்னா. தரையில் துப்பமாட்டாள். தரையில் துப்புகிறவர்களுக்கு நடுவருக்கு அடுத்தபடியாகத் திட்டு விழும்.

காஸாபிளாங்காவில் எங்கள் தெருக் காப்பிக்கடையில், ஞாயிறு மாலை பந்தாட்டம் பார்க்க நாற்பது ஆண்கள் கூடுவோம். பெண் இவள் ஒருத்திதான். ‘லல்லா’ என்பது எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். பக்கத்துக் குளியல்கூடத்தில் பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுவது தொழில். வெந்நீரில் ஊறி ஊறி விரல்கள் எப்போதும் சுருங்கியிருக்கும். முதுகைக் காட்டி உட்காரும் எங்கள் மனைவிமார் வீட்டுக் கதைகளையும் அவளிடம் கொட்டிவிடுகிறார்கள். அதனால் கடையில் யாரும் அவளிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

ஆஃப்சைடா இல்லையா என்பதில் அவள் சொல்வதே முடிவு. தொலைக்காட்சியில் திரும்பக் காட்டுவதெல்லாம் அப்புறம்தான்.

போன மாதம் முதலாளியின் மகன் சுஃப்யான் பொறுப்பேற்றான். மாடியில் பூஜாடிகள் வைத்து, ‘குடும்பப் பகுதி’ என்று பலகை மாட்டினான்.

“சின்னம்மா, பொம்பளைங்களுக்கு இனிமே மேலதான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“டிவி இருக்கா?”

“சின்னதா ஒண்ணு இருக்கு.”

யாம்னா எங்களைப் பார்த்தாள். நாங்கள் தேநீரைப் பார்த்தோம். நானும்தான். அவள் படியேறிப் போனாள்.

அன்று பச்சைச் சட்டைக்கும் சிவப்புச் சட்டைக்கும் ஆட்டம். இருபதாவது நிமிடத்தில் பச்சை கோல் போட்டது. உடனே கோட்டோர நடுவரின் கொடி உயர்ந்தது. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஜிலாலி மாடியைப் பார்த்துக் கத்தினார்: “லல்லா, ஆஃப்சைடா?”

ஜிலாலி நாற்காலி மேல் ஏறி நின்றார்.

“அட, சொல்லும்மா!”

“இது குடும்பப் பகுதி. கத்தக் கூடாதாம்” என்றது மேலிருந்து குரல்.

நாற்பது பேருக்கு நாற்பது தீர்ப்பு. இரண்டு கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. இடைவேளையில் ஜிலாலி தம் தேநீரை எடுத்துக்கொண்டு படியேறினார். பின்னாலேயே தையற்காரர், நான், மற்றவர்கள். பத்துப் பேர் உட்காரும் மாடியில் முப்பது பேர் நின்றோம். முதலில் பூஜாடிகள் விழுந்தன. பிறகு தரைப்பலகை முனகியது.

“மரத்தளம், தாங்காது! இறங்குங்க!” என்று சுஃப்யான் அலறினான்.

“நாங்க குடும்பம்டா” என்றார் ஜிலாலி.

சுஃப்யான் கூட்டத்துக்குள் நுழைந்து அவளிடம் வந்தான். “சின்னம்மா, கீழ வந்துடுங்க.”

“என் நல்லதுக்கா?”

“என் நல்லதுக்கு.”

அவள் இறங்கினாள். பின்னாலேயே நாங்களும். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. சுஃப்யானே முன்வரிசையில் நாற்காலி போட்டான். அவள் உடனே உட்காரவில்லை. முக்காட்டு நுனியால் இருக்கையை, சாய்மானத்தை, நான்கு கால்களையும் நிதானமாகத் துடைத்தாள். அதுவரை நாற்பது பேரும் நின்றோம். அதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. யார் போட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒருமுறை அசைத்தாள். நாங்களும் உட்கார்ந்தோம்.